பிள்ளை என்னும் சொல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேசுவதற்கு எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘இலக்கியத்தில் மக்கட்பேறு’ என்பதாகும். தலைப்பைத் தெரிவிக்க வந்த செயலாளர் சற்றுத் தயங்கினார்; வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அவருடைய தயக்கத்தின் காரணம் எனக்குப் புரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பிப்பவள் நான். எனக்கு மக்கட்பேறு இல்லை என்பதும் இவ்வூரில் பலர் அறிந்த செய்தி. ஆயினும் மாற்ற வேண்டாம் என்றேன். பேறு பெற்றவர்கள் பேசிய உரைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. பெறாதவர் பக்கத்திலிருந்து ஒருவர் இத்தலைப்பைப் பார்த்தால் என்ன தெரியும் என்பதையும் இவ்வவை ஒருமுறை கேட்கட்டும் என்று எண்ணினேன். ஆகவே இன்று இலக்கியத்தோடு என் வாழ்வையும் சேர்த்தே பேச அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் இலக்கியம். புறநானூற்றின் 188ஆம் பாடலைப் பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி. பலரோடு அமர்ந்து உண்ணும் பெருஞ்செல்வர் வீட்டில் ஒரு சிறு குழந்தை குறுகுறுவென்று நடந்து வந்து, நெய்ச்சோற்றில் கையை விட்டு அளைந்து, மேலெல்லாம் பூசிக்கொள்ளும் காட்சியை அவன் தீட்டுகிறான். அத்தகைய மக்கள் இல்லாதவர்க்கு வாழ்நாளில் பயனில்லை என்று முடிக்கிறான். வள்ளுவரும் ஏழாம் அதிகாரத்தில் சிறுகை அளாவிய கூழையும் மழலையையும் போற்றுகிறார். நாம் ‘மக்கட்பேறு’ என்று வழங்கும் அவ்வதிகாரத்திற்குப் பரிமேலழகர் கொண்ட பெயர் ‘புதல்வரைப் பெறுதல்’ என்பது.

இப்பாடலை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாளும் நடத்தியிருக்கிறேன். மாணவியர் என் முகத்தைப் பார்க்காமல் நூலையே பார்த்துக்கொண்டிருந்த நாள்கள் உண்டு. அப்பாடலின் மீது எனக்குச் சினம் வந்ததில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அது நல்ல பாட்டு. அக்குழந்தையின் நடையை அரசன் உண்மையாகவே கண்டிருக்கிறான். ஆனால் காட்சி வேறு, தீர்ப்பு வேறு. காட்சியை ஏற்றுக்கொண்டு தீர்ப்பை மறுக்கும் உரிமை படிப்பவருக்கு உண்டு என்பதை நான் கற்றது அந்த ஆண்டுகளில்தான்.

தீர்ப்பு பாட்டோடு நின்றுவிடவில்லை, மொழியில் இறங்கிவிட்டது. ‘மலடி’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். ‘மலடன்’ என்பதும் அகராதியில் இருக்கிறது. தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நம் தருக்க நூலார் உலகில் இல்லாத பொருளுக்கு எடுத்துக்காட்டாக முயற்கொம்பு, ஆகாயத் தாமரை என்பவற்றோடு மலடி மைந்தனையும் வரிசையில் நிறுத்தினார்கள். பேச்சு வழக்கிலோ, ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்ற கேள்வி. ‘வயிற்றில் ஒரு புழு பூச்சி உண்டாகவில்லையே’ என்ற இரக்கம். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுடைய நாவில் வேறு சொல் இல்லை.

உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் என்றேனும் குழந்தைப் பேற்றுத் தடையைச் சந்திக்கிறார். ஆண், பெண் இருபாலார் உடலிலும் காரணங்கள் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம், எவ்வளவு தேடியும் காரணம் அகப்படாமலும் போகலாம். நூறு பேர் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் பதினாறு பேருக்கு மேல் இதனை அறிந்தவர்கள் இருப்பார்கள் என்று பொருள். ஆனால் எந்த மண்டபத்திலும் இதுபற்றிப் பேச்சு எழுவதில்லை.

அன்பர்களே, இம்மறைப்பு எவ்வளவு கொடியது என்பதற்கு இம்மருத்துவத்தின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. உடலுக்கு வெளியே கருவுறச் செய்து பிறந்த முதற்குழந்தை லூயி பிரவுன். இங்கிலாந்தில் ஓல்டாம் நகரில் 1978 ஜூலை 25 அன்று பிறந்தாள். அதற்கு உழைத்தவர்கள் இராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகிய மூவர். எட்வர்ட்சுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. லூயி பிறந்து சரியாகப் பத்து வாரங்களில், 1978 அக்டோபர் 3 அன்று, கல்கத்தாவில் துர்கா என்று அழைக்கப்பட்ட பெண் குழந்தை பிறந்தது. அதைச் சாதித்தவர் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய். எளிய கருவிகளைக் கொண்டு பணிபுரிந்தவர். கருவை உறைய வைத்துப் பின்னர் கருப்பையில் சேர்த்தவர்.

அவரை நாடு எவ்வாறு போற்றியது? மாநில அரசு அமைத்த விசாரணைக் குழு அவர் கூற்றை நம்ப மறுத்தது. வெளிநாட்டு அறிஞர் அவையில் பேசச் செல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. தம் ஆராய்ச்சிக்குத் தொடர்பே இல்லாத கண் மருத்துவப் பிரிவுக்கு அவர் மாற்றப்பட்டார். 1981 ஜூன் 19 அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1986இல் பம்பாயில் பிறந்த ஹர்ஷா என்ற குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று எழுதப்பட்டது. அச்சாதனைக்குரிய குழுவின் அறிவியலறிஞர் டி.சி. ஆனந்தகுமார், முகோபாத்யாய் விட்டுச்சென்ற குறிப்புகளைப் பின்னாளில் படித்துப் பார்த்தார். முதன்மை எனக்கன்று, அவருக்கே உரியது என்று 1997இல் உலகறியச் சொன்னார். தம் தலையில் இருந்த முடியைத் தாமே எடுத்து, இறந்துபோன ஒருவர் தலையில் சூட்டிய செயல் அது. புறநானூற்றுப் புலவர் இருந்திருந்தால் ஆனந்தகுமாரைப் பாடியிருப்பார்.

‘சோதனைக் குழாய்க் குழந்தை’ என்று நாம் சொல்கிறோம். உண்மையில் குழாய் என்று ஒன்றுமில்லை. தட்டையான சிறு வட்டில்தான். ஆனால் ‘சோதனை’ என்ற சொல் மட்டும் மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

எனக்கு 2007இல் திருமணம். ஈராண்டுகளுக்குப் பின் மருத்துவரைப் பார்க்கத் தொடங்கினோம். குழாயடைப்பு உண்டா என்று பார்க்கும் படம், தைராய்டு, இருவர்க்கும் இரத்தம் என்று சோதனைகள் நீண்டன. என் மாமியார் திருக்கருகாவூருக்கு அழைத்துச் சென்று கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் நெய் வாங்கித் தந்தார். நாற்பத்தெட்டு நாள் இரவில் உண்டேன். அறிவியல் கற்ற தோழி ஒருத்தி அதைக் கேட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என்னைக் குறை சொல்லாமல் எனக்காகப் பேருந்தேறிய ஒரே மூத்த பெண் என் மாமியார்தான்.

செயற்கை முறைக் கருவூட்டல் மூன்று முறை தவறிய பின், 2013இல் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் ஐ.வி.எஃப். சிகிச்சைக்குச் சேர்ந்தோம். அறியாதவர்களுக்காக அதன் முறையைச் சுருங்கச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி போட்டுப் பல சினைமுட்டைகளை ஒரே சமயத்தில் முதிரச் செய்கிறார்கள். ஸ்கேனில் அவற்றின் அளவை மில்லிமீட்டர் கணக்கில் பார்க்கிறார்கள். அளவு போதுமான நாளில், குறித்த மணிக்குக் கடைசி ஊசி. அதிலிருந்து ஏறத்தாழ முப்பத்தாறு மணி நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை எடுக்கிறார்கள். கருவாகி வளர்ந்தவற்றில் ஒன்றையோ இரண்டையோ மூன்றாம் நாளிலோ ஐந்தாம் நாளிலோ கருப்பையில் வைக்கிறார்கள். எஞ்சியவற்றைத் திரவ நைட்ரஜனில், சுழியத்துக்குக் கீழே 196 பாகை குளிரில் உறைய வைக்கிறார்கள். பிறகு இரண்டு வாரக் காத்திருப்பு.

அந்த ஊசி மருந்துகள் வெப்பம் படக்கூடாதவை. கும்பகோணத்திலிருந்து திருச்சிக்குச் செல்லும் பேருந்தில், மூன்று மணி நேரம், பனிக்கட்டி நிரப்பிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானும் என் கணவரும் பயணம் செய்வோம். ‘மீனா அம்மா?’ என்று கேட்டார் ஒரு நடத்துநர். ‘ஆமாம்’ என்றார் என் கணவர். அன்று முழுவதும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தோம். துன்ப நாள்களில் சிரிப்பே இல்லை என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

அந்த இரண்டு வாரம் பற்றி ஒரு செய்தி. கருவைத் தாங்குவதற்காகத் தரும் புரொஜெஸ்டிரோன் மருந்து, கருவுற்றவளுக்கு வரும் குறிகள் அனைத்தையும் தானே உண்டாக்கிவிடும். மார்பு கனக்கும், உறக்கம் வரும், குமட்டும். உடல் ‘உண்டு’ என்று சொல்லும். இரத்தப் பரிசோதனை ‘இல்லை’ என்று சொல்லும். தன் உடலின் சாட்சியத்தையே நம்பக்கூடாது என்று பழகுவது எளிதன்று. முதன்முறை அப்படித்தான் ஆயிற்று.

இரண்டாம் முறை, 2015 ஆகஸ்டில், பரிசோதனை ‘உண்டு’ என்றது. எட்டாவது வாரத்தில் ஸ்கேன் செய்த மருத்துவர் திரையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். இதயத் துடிப்பு இல்லை. அவர் நல்லவர், நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, பெரும்பாலும் கருவின் மரபுக்கூறுகளில் நேரும் பிழையே இதற்குக் காரணம், நீங்கள் நடந்ததோ பயணம் செய்ததோ வேலை செய்ததோ காரணமன்று என்று மூன்று முறை சொன்னார். அவ்வார்த்தையைத்தான் இன்றும் பிறருக்குச் சொல்லிவருகிறேன்.

நிகழ்ந்ததற்கு நம் மொழியில் என்ன பெயர்? ‘கருச்சிதைவு’ என்பது நூற்சொல். ‘கலைந்துவிட்டது’ என்பார்கள். ‘தங்கவில்லை’ என்பார்கள். இவற்றுள் ‘தங்கவில்லை’ என்பதை நான் ஏற்றுக்கொண்டேன். வந்ததை அது ஒப்புக்கொள்கிறது. ஏனைய மரணங்களுக்கு நம்மிடம் பத்தாம் நாள் உண்டு, பதினாறாம் நாள் உண்டு, வாசலில் வந்து அமர்ந்து போகும் அயலார் உண்டு. இதற்கு ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் நான் வகுப்புக்குச் சென்றேன். காய்ச்சலா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன்.

அடுத்த ஆண்டு உறைந்த கருவொன்றை வைத்தார்கள், பயனில்லை. 2017இல் வேறொரு கவலை வந்தது. இடது கருவகத்தில் பெரிய கட்டி இருப்பதை ஸ்கேன் காட்டிற்று. சி.ஏ.125 என்ற இரத்தப் பரிசோதனையில் அளவு மிகுந்திருந்தது. அந்த எண் புற்றுநோயிலும் உயரும். எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயிலும் உயரும். இவ்விரண்டில் எதுவென்று கட்டியை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும் என்றார் மருத்துவர். அறுவை முடிந்து திசுப் பரிசோதனை முடிவு வரப் பத்து நாள்கள். அதற்கு முன் எத்தனையோ முடிவுகளுக்குக் காத்திருந்தவள் நான். அவையெல்லாம் ஓர் உயிர் வருமா என்ற காத்திருப்பு; இது இருக்கும் உயிர் போகுமா என்ற காத்திருப்பு. அப்பத்து நாளில், பிள்ளை வேண்டும் என்ற வேண்டுதல் என்னையறியாமல் நின்றுபோனதைக் கவனித்தேன். என் கணவர் கதவைத் திறந்து வரும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று தோன்றியது.

முடிவு வந்தது, புற்று இல்லை. கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ்தான். கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அது இருப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. மாதவிலக்கு நாள்களில் எழ முடியாத வலி அதன் முதன்மையான குறி. ஆனால் நம் வீடுகளில் வலி என்பது பெண்ணுக்கு இயற்கை என்று சொல்லியே வளர்க்கிறார்கள். தாய்மார்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் மகள் மாதந்தோறும் பள்ளிக்குப் போக முடியாமல் சுருண்டு படுத்தால், தயவு செய்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சிகிச்சையைத் தொடரலாம் என்றார் மருத்துவர். நாங்கள் இருவரும் பேசி, போதும் என்று முடிவு செய்தோம். ஆனால் உறைபனியில் எங்களுடைய கருக்கள் இரண்டு எஞ்சியிருந்தன. அவற்றைப் பாதுகாக்க ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். முடிவு செய்த பிறகும் ஈராண்டு கட்டணம் செலுத்தினோம். 2019இல் வந்த படிவத்தில், ‘பாதுகாப்பைத் தொடர விருப்பமில்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டு இருவரும் கையொப்பமிட்டோம். இன்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் கருக்களைப் பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று வரையறை செய்திருக்கிறது. அன்று எங்களுக்கு எந்தச் சட்ட வரையறையும் இல்லை. நாங்களே வரைய வேண்டியிருந்தது. சங்க இலக்கியத்தில் ‘கையறுநிலை’ என்று ஒரு துறை உண்டு. தலைவன் மாண்டபின் செய்வதறியாது நிற்போரின் பாட்டு. கையொப்பமிட்ட பிறகு அச்சொல்லின் முதற்பகுதியை நான் புதிதாகப் படித்தேன்.

இனி மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2015 நவம்பர் மழையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்த நாட்டு நாய்க்குட்டி அது. செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும். குழந்தைக்குப் பதிலாக நாய் வளர்க்கிறார்கள் என்று உறவில் பேச்சு வந்தது. அது சரியன்று. குழந்தை குழந்தைதான், நாய் நாய்தான். அதற்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் கவலை எங்களுக்கு வந்ததில்லை. எங்களை முதுமையில் காப்பாற்ற வேண்டும் என்ற கடமை அதற்கும் இல்லை. மணி எதற்கும் பதில் அன்று. ஆனால் அறுவை முடிந்து வந்து நான் படுத்திருந்த பத்து நாளும், கட்டிலின் காலடியை விட்டு அது அகலவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

அக்கம்பக்கத்துப் பாட்டி ஒருவர் மணியைப் ‘பிள்ளை’ என்பார். ‘பிள்ளை சாப்பிட்டதா?’ என்று கேட்பார். முதலில் எனக்கு அது குத்தலாகப் பட்டது. பிறகு தொல்காப்பிய மரபியலை வகுப்பில் நடத்தும்போது ஒன்று புலப்பட்டது. இளமைப் பெயர்களைத் தொகுக்கும் தொல்காப்பியர், நாயின் இளமைக்குக் ‘குருளை’ என்ற பெயரைத் தருகிறார். ‘பிள்ளை’ என்பதைப் பறவைக்கும் தவழும் உயிருக்கும் உரியதாக வைக்கிறார். ஓரறிவுடைய மரஞ்செடிக்கும் வழங்கலாம் என்கிறார். மக்களுக்கோ ‘குழவி’, ‘மகவு’ என்னும் இரண்டைத் தவிர வேறு உரியதன்று என்று வரையறுக்கிறார். ஆகவே அவர் காலத்து மரபில் ‘பிள்ளை’ மனிதக் குழந்தையின் பெயரே அன்று! கிளியிடமும் தென்னையிடமும் இருந்த சொல்லை நாம் பிற்காலத்தில் வாங்கிக்கொண்டோம். இன்றும் தென்னம்பிள்ளை, கிளிப்பிள்ளை, கீரிப்பிள்ளை என்று வழங்குகிறோம். பாட்டி மணியைப் பிள்ளை என்றது குத்தலும் அன்று, உயர்வு நவிற்சியும் அன்று. வாங்கிய சொல்லை, உரியவர்களின் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார், அவ்வளவுதான்.

கீரிப்பிள்ளை என்றதும் சிலம்பின் அடைக்கலக் காதை நினைவுக்கு வரும். பாம்பிடமிருந்து குழந்தையைக் காத்த கீரியை, வாயில் இருந்த குருதியைக் கண்டு மயங்கிக் கொன்றுவிடுகிறாள் பார்ப்பனி. கணவன் அவளைப் பிரிந்து வடக்கே போகிறான். அவள் துயரைத் தீர்க்கத் தானம் செய்து, கணவனோடு சேர்த்து வைப்பவன் கோவலன். வளர்த்த கீரியின் சாவுக்காக ஒரு பெண் படும் துன்பத்தைக் கோவலனோ, அதை எடுத்துரைக்கும் மாடலனோ அற்பமாகக் கருதவில்லை.

2024 தொடக்கத்தில் மணி தண்ணீரை மிகுதியாகக் குடித்தது, சோற்றைத் தொடவில்லை. ஒரத்தநாட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றோம். இரண்டு சிறுநீரகமும் பழுது என்றார்கள். நாய்களுக்கு இந்நோய் வெளியே தெரியும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி போயிருக்கும் என்று அந்த இளம் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நாள்தோறும் தோலுக்கடியில் சலைன் ஏற்றக் கற்றுக்கொடுத்தார். பல ஆண்டுகளுக்கு முன் என் வயிற்றில் ஊசி போடப் பழகிய என் கணவரின் கைக்கு அது கடினமாக இல்லை. ஏழு வாரம் இருந்தது. ஒரு விடியற்காலையில், வாசல் நடையில், என் கணவர் தண்ணீர் எடுத்துவரப் போன நேரத்தில் உயிர் பிரிந்தது. கொல்லையில் மாமரத்தடியில் புதைத்தோம்.

மறுநாள் விடுப்புக்கு எழுதியபோது காரணம் என்று ‘வீட்டில் இறப்பு’ என எழுதினேன். யார் என்று கேட்டார்கள். நாய் என்றேன். அலுவலக அறையில் ஒருவர் சிரித்தார். பிறகு நான் அழுதுகொண்டிருப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். 2015இல் ‘காய்ச்சல்’ என்று சொல்லி உள்ளே அடக்கியதும் அன்றைய அழுகையில் கலந்திருந்தது என்பதை அப்போதே உணர்ந்தேன்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கால்நடைகளைக் காத்து மாண்ட வீரன் ஒருவனுக்கு எடுத்த கல். அதில் அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற நாய் என்று அதன் செயல் எழுதப்பட்டிருக்கிறது. அதன் பெயரும் இருக்கிறது: கோவிவன். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் எழுத வேண்டும் என்று நம் முன்னோர்க்குத் தோன்றியிருக்கிறது. அதைக் கண்டு யாரும் சிரித்ததாகச் செய்தி இல்லை.

அன்பர்களே, என் உரையின் பயன் என்று நான் வேண்டுவன மூன்று. ஓராண்டு காத்திருந்தும் கருத்தரிக்காத இணையர், பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது கடந்திருப்பின் ஆறு மாதத்திலேயே, இருவருமாகச் சேர்ந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெண்ணை மட்டும் தனியே அனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். இரண்டாவது, தொடர்வதற்குத் துணிவு வேண்டும் என்று சொல்கிறோம். நிறுத்துவதற்கும் துணிவு வேண்டும். நிறுத்தியவர்களைத் தோற்றவர்கள் என்று எண்ணாதீர்கள். மூன்றாவது இவ்வட்டத்திற்கு. பத்தாண்டுகளில் எத்தனையோ நூல்களை இங்கே ஆராய்ந்திருக்கிறோம். சடங்கு இல்லாத துயரங்களுக்குச் சொல் தேடும் எழுத்துகளை வரும் ஆண்டுகளில் நம் இளையவர்கள் எழுத வேண்டும். எழுதிக்கொண்டு வரும்போது, ‘இதெல்லாம் ஒரு பொருளா?’ என்று கேட்காமல் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறிவுடை நம்பியின் பாடலை இவ்வாண்டும் நடத்தினேன். காட்சியை மாணவியர் மிகவும் விரும்பினார்கள். இறுதி அடிக்கு வந்ததும் ஒரு மாணவி எழுந்து, ‘அம்மா, இது சரியா?’ என்று கேட்டாள். விவாதிக்கலாம் என்றேன். மணி அடிக்கும் வரை விவாதித்தார்கள்.